படித்ததும் யோசித்ததும்: உலகக் கணக்கும் எங்க வீட்டு அடுப்படிக் கணக்கும்



எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. முதலில் செமஸ்டர் தேர்வு, அப்புறம் வீட்டில் சில வேலைகள். சாக்கு சொல்லவில்லை. அந்த "வீட்டில் சில வேலைகள்" பற்றித்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன்.

கடந்த ஒரு மாதமாக ராத்திரி ஆச்சி தூங்கின பிறகு செல்போனில் நிறையப் படித்தேன். ஐஸ்லாந்து, கொரியா, ஜப்பான், நம்ம ஊர் கோர்ட்டுத் தீர்ப்புகள் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சங்கதிகள். ஆனால் எதைப் படித்தாலும் கடைசியில் அது எங்க வீட்டு அடுப்படியிலேயே வந்து நின்றது. மனதில் தங்கியதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் எங்க வீட்டு நிலவரம். வீடு பாளையங்கோட்டையில். அப்பா லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். அம்மா ஒரு ஜவுளிக்கடையில் ஒன்பது வருடமாக பில் போட்டுக்கொண்டிருந்தாள். சம்பளம் பதினோராயிரம். போன வருடம் ஆச்சி (அப்பாவைப் பெற்றவள்) முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வாக்கர் பிடித்து நடக்கிறாள், ஆனால் தனியாக விட முடியாது. ஆச்சி வீட்டுக்கு வந்த மறுவாரம் அம்மா வேலையை விட்டாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் யாரிடமும் பேசவில்லை. நானும்தான். அது பேச வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

சரி, இனி படித்தவை.

1. பெண்கள் ஒருநாள் லீவு போட்ட நாடு

1975 அக்டோபர் 24. ஐஸ்லாந்தில் சுமார் 90 சதவீதப் பெண்கள் அன்றைக்கு எந்த வேலையும் செய்யவில்லை. ஆபீஸ் வேலை மட்டும் இல்லை. சமையல், துணி துவைப்பது, பிள்ளை பார்ப்பது எதுவுமே கிடையாது. "வேலைநிறுத்தம்" என்று சொன்னால் சில பெண்களுக்கு வேலை போய்விடலாம், சிலர் பயந்து வராமல் இருந்துவிடலாம் என்று அதற்கு "பெண்கள் விடுமுறை நாள்" என்று பெயர் வைத்தார்கள். விவரமானவர்கள்!

மொத்தம் இரண்டேகால் லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் தலைநகர் ரெய்க்யவிக் கூட்டத்துக்கு மட்டும் சுமார் 25,000 பேர் வந்தார்கள். பள்ளிக்கூடங்களும் மீன் தொழிற்சாலைகளும் படுத்துவிட்டன. அப்பாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனார்கள். சமைக்கச் சுலபம் என்று எல்லோரும் வாங்கியதில் கடைகளில் சாசேஜ் தீர்ந்துபோனதாம். அந்த நாளுக்கு ஆண்கள் வைத்த பெயர் "நீண்ட வெள்ளிக்கிழமை". :-)

அடுத்த வருடமே சம உரிமைச் சட்டம் வந்தது. ஐந்து வருடம் கழித்து, 1980-இல், விக்டிஸ் ஃபின்பொகாடோட்டிர் ஜனாதிபதி ஆனார். உலகத்திலேயே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் பெண் ஜனாதிபதி அவர்தான். அதிலும் தனியாகப் பிள்ளை வளர்த்த அம்மா. இன்னொரு விஷயமும் உண்டு. 2023 அக்டோபர் 24 அன்று மறுபடியும் அதே மாதிரி ஒரு முழுநாள் நிறுத்தம் செய்தார்கள். அப்போது பிரதமராக இருந்த கத்ரின் யாகப்ஸ்டோட்டிரும் அதில் சேர்ந்துகொண்டார். ஆண்-பெண் சமத்துவப் பட்டியலில் பல வருடமாக முதலிடத்தில் இருக்கிற நாட்டிலேயே இந்த நிலைமை.

இதைப் படித்த அன்று காலையில் அம்மாவிடம் கதையாகச் சொன்னேன். தோசை ஊற்றிக்கொண்டே கேட்டவள், "அன்னைக்கு அந்த ஊரு ஆச்சிமாரு எல்லாம் எங்கல இருந்தாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

2. கொரியாவும் 0.72-உம்

ஒரு நாட்டின் ஜனத்தொகை குறையாமல் இருக்க ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் வேண்டும். 2023-இல் தென்கொரியாவில் அது 0.72. உலகத்திலேயே குறைவு. 2024-இல் 0.75 ஆனபோது, ஒன்பது வருடத்தில் முதல் ஏற்றம் என்று அதையே கொண்டாடினார்கள்.

கொரிய அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2006-க்குப் பிறகு பிள்ளை பெறுவதை ஊக்குவிக்க 20,000 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது. ரொக்கமும் சலுகைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். சட்டப்படி அப்பாக்களுக்கும் ஒரு வருட விடுப்பு உண்டு, ஆனால் ரொம்பக் காலம் அதை எடுத்த ஆண்கள் கொஞ்சம் பேர்தான். ஆபீஸில் என்ன நினைப்பார்கள் என்ற பயம். வேலை நேரமோ ரொம்ப அதிகம். ஆண்-பெண் சம்பள வித்தியாசம் சுமார் 30 சதவீதம். வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யில் அதுதான் மோசம். பிள்ளை பெற்றால் சம்பளம் போகும், வீட்டு வேலை மொத்தமும் தலையில் விழும் என்று தெரிந்த பெண்கள் "வேண்டாம்" என்கிறார்கள். இதில் புரியாத மர்மம் என்ன இருக்கிறது?

ஐஸ்லாந்தில் பிள்ளை பிறந்தால் மொத்தம் 12 மாத விடுப்பு, அம்மாவுக்கு 6, அப்பாவுக்கு 6. ஆறு வாரத்தை மட்டும் மற்றவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். மீதியை அப்பா எடுக்காவிட்டால் அது யாருக்கும் கிடையாது. இரண்டு நாட்டிலும் சட்டம் இருக்கிறது. ஆனால் ஐஸ்லாந்துச் சட்டம், அப்பா எடுக்காவிட்டால் குடும்பத்துக்கே நஷ்டம் என்று ஆக்கிவிட்டது. எனக்கு முக்கியமாகப் பட்டது இந்த வித்தியாசம்தான்.

கொரியா நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) தமிழ்நாட்டுக்குக் கொடுத்த எண் 1.8. மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020 கணக்கில் 1.4. 2024 அக்டோபரில் சென்னையில் ஒரு திருமண விழாவில், அப்போது முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் "பதினாறும் பெற்று" என்ற வாழ்த்தைப் பற்றிப் பேசினார். அந்தப் பதினாறு செல்வங்களைத்தான் குறிக்கும், ஆனால் தொகுதி மறுவரையறையை நினைத்தால் பதினாறு பிள்ளைகளே பெறலாமா என்று தோன்றும் என்ற பொருளில் பேசினார். அதே சமயத்தில் ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவும் அதிகப் பிள்ளைகள் வேண்டும் என்றார்.

எம்.பி. சீட் பற்றிய கவலை நியாயமானதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தலைவரும் மேடையில் மாப்பிள்ளைகளைப் பார்த்து, "தம்பிகளா, ராத்திரி பிள்ளை அழுதால் நீங்களும் எழுந்திருங்கள்" என்று சொன்னதாக நான் படிக்கவில்லை.

3. ஜப்பானில் மருமகளுக்கு என்ன ஆச்சு?

இது எனக்கு ரொம்ப நெருக்கமாக இருந்தது. ஜப்பானிலும் நம்ம ஊர் மாதிரிதான். மாமனார், மாமியாரைப் பார்ப்பது மூத்த மருமகளின் கடமை. வயதானவர்கள் அதிகமாக ஆக, மருமகள்கள் ஒடிந்துபோனார்கள். பெண்கள் அமைப்புகள் வருடக்கணக்கில் குரல் கொடுத்தன. 2000 ஏப்ரலில் பராமரிப்புக் காப்பீடு தொடங்கியது. 40 வயதான எல்லோரும் சந்தா கட்ட வேண்டும். வயதானவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிட்டு, ஆள் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டுவது, பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் மையம் மாதிரி சேவைகள் கொடுப்பார்கள். குடும்பம் கட்டுவது பெரும்பாலும் 10 சதவீதம்தான். வசதி உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல்.

இவ்வளவு இருந்தும் குடும்பத்தினரைப் பார்த்துக்கொள்வதற்காக வருடத்துக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் அங்கே வேலையை விடுகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். இதற்கென்றே ஜப்பானிய மொழியில் ஒரு சொல் இருக்கிறது. நம்மிடம் சொல்லே இல்லை. "அம்மா வீட்ல இருக்காங்க" என்று சொல்லிவிடுவோம், அவ்வளவுதான்.

அதே ஜப்பானில் 2024-இல் தனியாக வாழ்ந்து வீட்டிலேயே இறந்து கிடந்தவர்கள் சுமார் 76,000 பேர் என்று போலீஸ் கணக்கு சொல்கிறது. நான்கில் மூன்று பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். இதைப் படித்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் ஆச்சி குறட்டை விடுவதைக் கேட்டபோது நிம்மதியாக இருந்தது. "நம்ம ஊர் குடும்பம் இதற்குத்தான் வேண்டும்" என்று பெருமைகூட வந்தது. ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அந்த நிம்மதிக்கு நான் ஒரு பைசா கொடுக்கவில்லை. கொடுத்தது அம்மா, மாதம் பதினோராயிரம்.

நம்ம நாட்டில் 2007-இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம், அனாதையாக விட்டால் மூன்று மாதம் வரை ஜெயில். நல்லதுதான். ஆனால் அந்தச் சட்டம் கைவிடுகிற பிள்ளையை மட்டும்தான் பார்க்கிறது. கைவிடாமல் பார்த்துக்கொள்கிற மருமகளுக்கு அதில் என்ன இருக்கிறது? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் கொஞ்சம் அந்தப் பக்கம் வருகிறது. எங்க தெருவுக்கு வந்தவர்கள் ஆச்சிக்கு பி.பி. பார்த்தார்கள், காலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். அந்த அரை மணி நேரம் அம்மா திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

4. கோர்ட்டுக்குப் புரிந்தது

டெல்லியில் 2014-இல் வண்டியில் போன கணவனும் மனைவியும் விபத்தில் இறந்துபோனார்கள். இழப்பீட்டு வழக்கு 2021 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டில் முடிந்தது. ஹைகோர்ட் 22 லட்சமாகக் குறைத்திருந்ததை 33.20 லட்சமாக உயர்த்தினார்கள். அதில் நீதிபதி ரமணா, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு மதிப்புப் போடுவது பற்றித் தனியாக எழுதியிருக்கிறார். 2011 சென்சஸில் தன் முக்கிய வேலை "வீட்டு வேலை" என்று சொன்ன பெண்கள் கிட்டத்தட்ட 16 கோடி. ஆண்கள் 58 லட்சம்.

அதே தீர்ப்பில் 2019-ஆம் வருட நேரப் பயன்பாட்டு ஆய்வும் வருகிறது. வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஆண்கள் கணக்கைப் பார்த்து "பரவாயில்லையே" என்று நினைக்காதீர்கள். அது வீட்டு வேலை செய்கிற ஆண்களின் சராசரி மட்டும். செய்கிறவர்களே 26 சதவீதம்தான். பெண்களில் 81 சதவீதம். 2024-இல் மறுபடி எடுத்தபோது பெண்கள் 289 நிமிடம், ஆண்கள் 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, நமக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. விட்டுக்கொடுக்கவே மாட்டோம்!

நம்ம சென்னை ஹைகோர்ட் 2023 ஜூனில் இன்னும் ஒரு படி மேலே போனது. கணவர் பல வருடம் சவுதியில் சம்பாதித்தார், மனைவி ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்தார், சொத்து வாங்கினார்கள், பிறகு தகராறு. மனைவி வீட்டைப் பார்த்ததால்தான் கணவரால் அங்கே சம்பாதிக்க முடிந்தது, அதனால் சொத்தில் அவருக்கும் சமபங்கு உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஆரம்பித்த மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு "உதவித் தொகை" என்று பெயர் வைக்காமல் "உரிமைத் தொகை" என்று வைத்ததும் இந்த யோசனையில்தான். ஆயிரம் ரூபாய் போதாது என்பது வேறு விஷயம். பெயர் சரியானது.

5. வேலைக்காரம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டால்...

நான் படிப்பது பொருளாதாரம் என்பதால் கடைசியாக ஒரு பாடப்புத்தகச் சமாச்சாரம். ஆர்தர் பிகூ என்ற பொருளாதார மேதை நூறு வருடத்துக்கு முன்பே ஒரு வேடிக்கையைச் சொல்லியிருக்கிறார். ஒருவன் தன் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும். அவள் அதே வேலையைத்தான் செய்கிறாள், ஆனால் இப்போது சம்பளம் இல்லை, அதனால் கணக்கில் இல்லை. வகுப்பில் எல்லோரும் சிரித்தோம், ஐந்து மார்க் கேள்விக்கு மனப்பாடமும் செய்தோம். அம்மா வேலையை விட்ட அன்று நாட்டின் ஜி.டி.பி. பதினோராயிரம் குறைந்தது என்பதும், அன்றிலிருந்து அவள் முன்னைவிட இரண்டு மடங்கு வேலை செய்கிறாள் என்பதும் என் தலையில் ஏறவே இல்லை.

கடைசியாக, எங்க வீட்டு ஆய்வு

அரசாங்கம் செய்த மாதிரி நானும் செய்து பார்த்தேன். ஒரு வாரம் நோட்டுப் போட்டு வீட்டில் யார் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார்கள் என்று எழுதினேன். அம்மா நாளுக்குச் சராசரி ஒன்பது மணி நேரம். அதில் ராத்திரி ஆச்சிக்காக எழுந்திருப்பதைச் சேர்க்கவில்லை, அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அப்பா முப்பத்தைந்து நிமிடம். நான் இருபது நிமிடம், மாத்திரை வாங்கக் கடைக்குப் போய்வந்ததையும் சேர்த்து. தூத்துக்குடி அத்தை நாள் தவறாமல் போன் செய்து "அம்மாவ நல்லா பாத்துக்கிடுங்க மதினி" என்று சொல்கிற நேரத்தை எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியவில்லை.

நோட்டைக் காட்டி அம்மாவிடம் கேட்டேன், "உனக்கு வேலைய விட இஷ்டம் இருந்துச்சாம்மா?"

"யாரும் எங்கிட்ட கேக்கலல. நானும் சொல்லல."

இவ்வளவுதான் சொன்னாள். கோபமாகக்கூட இல்லை. போன வாரம் கடையிலிருந்து போன் வந்தது. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரை ஆள் வேண்டும், வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். யோசிக்காமல் முடியாது என்று சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் முதன்முறையாக அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். சுலபமாக இல்லை. எனக்குக் காலை ஷிப்ட் காலேஜ், ஒன்றரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். சோறு கொடுப்பது, மாத்திரை, வாக்கரில் நடக்க வைப்பது, ராத்திரி தோசை ஊற்றுவது என் பொறுப்பு. பாத்திரம் கழுவுவது அப்பா. ஆனால் ஆச்சியைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போக அவள் என்னை விடமாட்டாள். "ஆம்பளப்பய நீ வராதல" என்று கத்துகிறாள். அவள் கூச்சத்தைக் குறை சொல்ல முடியுமா? அதற்குப் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் தினம் இரண்டு வேளை வந்துபோகச் சம்மதித்திருக்கிறார். மாதம் மூவாயிரம். "மூவாயிரத்தைக் குடுத்துட்டு வேலைக்குப் போகணுமா?" என்று அப்பா கேட்டார். மீதி எட்டாயிரம் என்பது ஒரு பதில். கேட்டால்தானே தெரியும், அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பது இன்னொரு பதில்.

அம்மா கடைக்குப் போன் செய்தாள். வருகிற திங்கட்கிழமையிலிருந்து போகிறாள். ஒரு மாதம் பார்ப்போம் என்றுதான் பேச்சு. தேர்வு வந்தால் என்ன செய்வேன், ஆச்சி மறுபடி விழுந்தால் என்ன ஆகும் என்று பயமாகத்தான் இருக்கிறது. நான்கு மாதத்தில் நான் சலித்துப்போனாலும் போகலாம். அம்மா சலித்துப்போக யாரும் அனுமதித்ததில்லை என்பது மட்டும் இப்போது தெரிகிறது.

இத்தனையும் படித்து நான் முடிவுக்கு வந்தது இதுதான். பிறப்பு விகிதம், முதியோர் நலம், பெண்கள் வேலைவாய்ப்பு என்று பேப்பரில் மூன்று பக்கத்தில் மூன்று செய்தியாக வருவது மூன்றும் ஒரே செய்தி. வீட்டு வேலையை யார் செய்வது என்பதுதான் அது. அரசாங்கம் பணம் கொடுக்க வேண்டும், பராமரிப்பு மையம் கட்ட வேண்டும், காப்பீடு கொண்டுவர வேண்டும். இதையெல்லாம் கேட்டே ஆக வேண்டும். ஆனால் கொரியா சொல்கிற பாடம், வீட்டு ஆண்கள் நகராமல் உட்கார்ந்திருந்தால் அந்தப் பணம் எவ்வளவு கொட்டினாலும் பற்றாது என்பதுதான்.

நண்பர்களே, குறிப்பாக என் வகுப்புப் பையன்களே, ஒரு வாரம் நீங்களும் நோட்டுப் போட்டுப் பாருங்கள். என் இருபது நிமிடத்தைவிட அதிகம் வந்தால் தாராளமாகக் கேலி செய்யுங்கள். குறைவாக வந்தால்... வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம், உங்க அம்மாவிடம் மட்டும் ஒரு தடவை கேளுங்கள்.

ஆச்சி கூப்பிடுகிறாள். வருகிறேன்.